ஏஜென்சியா, ஆப் கம்பெனியா, சாஸ் கம்பெனியா? பெங்களூரில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

‘பெர்ஃபார்மன்ஸ் மார்க்கெட்டர் தேவை, 2 முதல் 4 வருட அனுபவம்’ என்று பெங்களூரில் வரும் அறிவிப்புகளில் பத்தை எடுத்து அடுக்கிப் பாருங்கள். விளம்பரம் ஓட்டி, அதன் பலனை எண்ணில் காட்டும் பதவி இது. பெயர் ஒன்றுதான், வேலை மூன்று தினுசு. இந்திராநகர் ஏஜென்சியில் அது ஆறு கிளையன்ட்டின் காசைச் செலவழிக்கும் வேலை. பெல்லந்தூர்ப் பக்கத்து ஆப் கம்பெனியில், ஒரே ஆப்பை லட்சக்கணக்கான போன்களில் ஏற்றி, ஏறியது இறங்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை. எச்எஸ்ஆர் லேஅவுட்டில் இருக்கும் சாஸ் (மென்பொருளை இணையம் வழியே சந்தாவுக்கு விற்கும்) கம்பெனியில், அமெரிக்காவில் உள்ள ஐம்பது அறுபது நிதி மேலாளர்களைப் பிடித்து டெமோவுக்கு உட்காரவைக்கும் வேலை.

கையில் இரண்டு ஆஃபர் இருக்கும்போது பலரும் கம்பெனி பெயரையும் சிடிசியையும் (உங்களுக்காக வருடத்துக்கு ஆகும் என்று கம்பெனி காட்டும் மொத்தச் செலவு) வைத்து முடிவெடுக்கிறார்கள். அதைவிட உருப்படியான கேள்விகள் இரண்டு உண்டு. எந்த எண்ணுக்கு நீங்கள் பதில் சொல்லவேண்டும்? அந்த எண் எத்தனை நாளில் உங்கள் கைக்குத் திரும்பி வரும்? ஏஜென்சியில் ஒரு வாரம், ஆப் கம்பெனியில் மறுநாள் காலை, சாஸ் கம்பெனியில் குறைந்தது ஒரு காலாண்டு. கற்றுக்கொள்ளும் வேகம், ராத்திரித் தூக்கம், அடுத்த வேலைக்குப் போகும்போது எடுத்துக் காட்டும் சான்று எல்லாமே இந்த நாள்கணக்கைப் பொறுத்துத்தான் அமைகின்றன.

ஏஜென்சி: ஊரார் காசு, வாரக் கணக்கு

ஒருவருக்கு ஆறு கிளையன்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தின் 40 மணி நேரத்தை ஆறால் வகுத்தால் ஒரு கிளையன்ட்டுக்கு 6 மணி 40 நிமிடம். வாராந்தர ரிப்போர்ட்டுக்கு ஒன்றரை மணி, கிளையன்ட்டோடு போன் பேச ஒரு மணி, டிசைன் ஆட்களோடு இழுபறிக்கு ஒரு மணி போனால், விளம்பரக் கணக்கைத் திறந்து வேலை பார்க்க மூன்று மணிக்குச் சொச்சம் மிஞ்சும். ஆகவே ஏஜென்சி ஆஃபரில் சம்பளத்துக்கு முன்னால் கேட்கவேண்டியது, தலைக்கு எத்தனை கணக்கு என்பது. நாலு தாங்கும், ஆறு மூச்சுமுட்டும். எட்டைத் தாண்டிவிட்டால் உங்கள் வேலை ரிப்போர்ட் டைப் அடிப்பதுதான். பதவிப் பெயர் எதுவாக இருந்தால் என்ன.

ஏஜென்சியில் தவறுகள் பெரும்பாலும் பணக் கணக்கில் தொடங்குகின்றன. கிளையன்ட் ‘மாதம் ஒரு லட்சம்’ என்பார். ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று எழுத்தில் வாங்கிவிட வேண்டும். முன்பணம் கட்டி ஓட்டும் கூகுள் கணக்கில் 1,00,000 ரூபாய் போட்டால், 18 சதவீத ஜிஎஸ்டி போக விளம்பரத்துக்குக் கிடைப்பது 84,746 ரூபாய். முழு லட்சத்துக்குக் கணக்குப் போட்டு லீட் (ஆர்வம் காட்டித் தொடர்பு விவரம் தந்தவர்) எண்ணிக்கைக்கு வாக்குக் கொடுத்தவர், முதல் நாளே 15 சதவீதம் பின்தங்கித்தான் ஓடத் தொடங்குகிறார்.

அடுத்தது, சின்ன பட்ஜெட்டைத் துண்டு போடுவது. அதே ஒரு லட்சத்தை மெட்டாவில் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) மாதம் முழுக்க ஓட்டினால் நாளுக்கு 3,333 ரூபாய். லீட் ஒன்றுக்கு 300 ரூபாய் ஆகிறது என்றால் நாளுக்கு 11, வாரத்துக்கு ஏறக்குறைய 77. மெட்டாவில் ஒரு ஆட் செட் (ஒரே வகைப் பார்வையாளருக்கான விளம்பரத் தொகுப்பு) லேர்னிங் கட்டத்தை, அதாவது யாருக்குக் காட்டலாம் என்று மெட்டா கற்றுக்கொள்ளும் கட்டத்தை, தாண்டவேண்டுமானால் வாரத்துக்குச் சுமார் 50 கன்வெர்ஷன் (எதிர்பார்த்த பலன், இங்கே லீட்) கிடைத்தாக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஆட் செட்டில் வைத்தால் தாராளமாகத் தாண்டும். கிளையன்ட் கேட்டார் என்பதற்காக ஊர்வாரியாக, வயதுவாரியாக ஆறு ஆட் செட்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 13 கூடத் தேறாது. ஆறும் லேர்னிங்கிலேயே நிற்கும், விலை ஏறும், மாதக் கடைசியில் ‘மெட்டா இந்தத் தொழிலுக்குச் சரிப்படாது’ என்று தீர்ப்பு எழுதப்படும். மெட்டாமேல் தப்பில்லை.

இன்னொன்று ஏறத்தாழ எல்லாப் பழைய கணக்கிலும் இருக்கும். கூகுள் ஆட்ஸில் 140 லீட் என்று காட்டும், கிளையன்ட்டின் சிஆர்எம்மில் (வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருள்) 70தான் இருக்கும். ஆட்ஸ் டேக் (வலைத்தளத்தில் வைக்கும் கண்காணிப்புத் துணுக்கு) மூலம் ஒரு கன்வெர்ஷன், ஜிஏ4-இலிருந்து (கூகுளின் வலைத்தள அளவீட்டுக் கருவி) இறக்குமதி செய்த அதே கன்வெர்ஷன் இன்னொன்று, இரண்டுமே பிரைமரி, அதாவது எண்ணிக்கையில் சேர்பவை, என்று குறிக்கப்பட்டிருக்கும். ஒன்றை செகண்டரி ஆக்கினால் எண் சரியாகும். ஆனால் திடீரென்று லீட் பாதியாகக் குறைந்ததுபோல் கிளையன்ட்டுக்குத் தெரியும். அதனால் மாற்றுவதற்கு முன்பே மின்னஞ்சலில் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். மாற்றிய பிறகு சொன்னால் யாரும் நம்புவதில்லை.

விளம்பரக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதும் சேரும்போதே பார்க்கவேண்டிய விஷயம். கிளையன்ட் பெயரில் கணக்கு, ஏஜென்சிக்கு அனுமதி மட்டும் என்பது ஒழுங்கான முறை. ஏஜென்சி தன் பெயரில் கணக்கைத் திறந்து கிளையன்ட்டைப் பிணைக்கைதி மாதிரி வைத்திருந்தால், கிளையன்ட் விலகும் நாளில் திட்டு வாங்குவது கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள்தான்.

இத்தனைக்கும் பிறகு ஏஜென்சிக்கு ஏன் போகவேண்டும்? பல்வைத்தியம், ரியல் எஸ்டேட், பள்ளி சேர்க்கை, மென்பொருள் என்று ஒரே வருடத்தில் பத்து தொழிலின் விளம்பரக் கணக்கைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. எது கணக்கின் கோளாறு, எது தொழிலின் கோளாறு என்று பிரித்தறியும் கண் அங்கேதான் பழகும். கிடைக்காதது, லீட் போன பிறகு என்ன ஆயிற்று என்ற விவரம். அது கிளையன்ட்டின் விற்பனைப் பிரிவில் போய் மறைந்துவிடும். பதினெட்டு மாதம் முதல் இரண்டு வருடம் வரை ஏஜென்சி நல்ல பட்டறை. அதற்குமேல் இருப்பதானால் கிளையன்ட் உறவு, பிட்ச் (புது கிளையன்ட்டைப் பிடிக்கப் பேசுவது), ஆள் நிர்வாகம் என்று அந்தத் தொழிலின் மறுபக்கத்தில் ஆசை இருக்கவேண்டும்.

ஆப் கம்பெனி: மறுநாள் காலை தெரிந்துவிடும்

உணவு, மளிகை, கடன், பங்கு வர்த்தகம் என்று எந்த ஆப் ஆனாலும் அடிக் கணக்கு ஒன்றே. உதாரணத்துக்கு நாளுக்கு 1,00,000 ரூபாய் செலவு. இன்ஸ்டால் ஒன்று 40 ரூபாய் என்றால் 2,500 இன்ஸ்டால். ஐந்தில் ஒருவர் பதிவு செய்தால் 500 பேர். அவர்களில் பத்தில் ஒருவர் முதல் ஆர்டர் போட்டால் 50 பேர். ஆக, முதல் ஆர்டர் ஒன்றின் விலை 2,000 ரூபாய். ஆர்டருக்கு 60 ரூபாய் மிஞ்சுகிறது என்றால் அந்த வாடிக்கையாளர் 34 ஆர்டர் போட்டால்தான் போட்ட காசு திரும்பும். நேர்காணலுக்குப் போகும் முன் இந்தக் கணக்கை அந்த ஆப்புக்கு உத்தேசமாகப் போட்டுப் பாருங்கள். உங்களை அளக்கப்போகும் எண் இன்ஸ்டால் விலையா, முதல் ஆர்டர் விலையா என்று கேளுங்கள். இன்ஸ்டால் விலை என்று பதில் வந்தால் கொஞ்சம் ஜாக்கிரதை. இன்ஸ்டாலை மலிவாக்குவது சுலபம். மலிவான இன்ஸ்டால் பெரும்பாலும் ஆளில்லாத இன்ஸ்டால்.

ஆளில்லாதது என்பது உவமைக்குச் சொன்னது இல்லை. ஆட் நெட்வொர்க்குகளில் (மற்ற ஆப்களில் விளம்பர இடம் வாங்கித்தரும் இடைத்தரகர்கள்) ஏமாற்று இரண்டு வகையில் வரும். ஒன்றில், யாரோ தானாக ஆப்பைப் பதிவிறக்கும் கடைசி நொடியில் ஒரு போலி கிளிக்கைச் செருகுவார்கள். கிளிக்குக்கும் ஆப் திறப்புக்கும் இடையே நம்பமுடியாத அளவுக்குச் சில நொடிகளே இருக்கும். மற்றதில், கோடிக்கணக்கான போலி கிளிக்குகளை இறைத்துவிட்டு, என்றைக்காவது அவற்றில் ஒருவர் தானாக இன்ஸ்டால் செய்தால் ‘எங்களால் வந்தது’ என்பார்கள். இங்கே கிளிக்குக்கும் இன்ஸ்டாலுக்கும் இடைவெளி மணிக்கணக்கில், நாள்கணக்கில் பரவிக் கிடக்கும். இன்ஸ்டால் எந்த விளம்பரத்தால் வந்தது என்று அளக்கும் ஆப்ஸ்ஃப்ளையர் போன்ற கருவியில் இந்த இடைவெளிப் பட்டியலை நெட்வொர்க்வாரியாக வாரம் ஒருமுறை இறக்கிப் பார்ப்பவர்களுக்குத்தான் மாத இறுதியில் பில்லை மறுக்க ஆதாரம் இருக்கும்.

ஐபோன் பக்கம் 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5-க்குப் பிறகு, பயனர் அனுமதி தராமல் ஆளைப் பின்தொடர முடியாது. எண்கள் தாமதமாகவும் தொகுப்பாகவும் வரும். நல்லவேளையாக நம் நாட்டில் ஆண்ட்ராய்டுதான் மிகப் பெரும்பான்மை. ஆனால் ஆண்ட்ராய்டு 13 முதல் புஷ் நோட்டிஃபிகேஷனுக்கும் பயனரிடம் அனுமதி கேட்டாக வேண்டும். ஆப்பைத் திறந்தவுடனே கேட்டால் மறுப்பு அதிகம். முதல் ஆர்டர் போட்டு முடித்ததும் ‘டெலிவரி எங்கே வருகிறது என்று சொல்லட்டுமா’ என்ற இடத்தில் கேட்பது புத்திசாலித்தனம். இந்த மாதிரி ஒரு திரையை நகர்த்தவே பிராடக்ட் ஆட்களிடம் இரண்டு ஸ்பிரிண்ட் (சில வாரங்களாகப் பிரித்த வேலைச் சுற்று) காத்திருக்க வேண்டிவரும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஆப் கம்பெனி கசக்கும்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்த வகைக் கம்பெனியில் ஒரு தனி இடம் இருக்கிறது, பலர் அதைக் கேட்டு வாங்குவதில்லை. தேசிய அளவு விளம்பரத் திட்டம் பெரும்பாலும் இந்தியில் யோசிக்கப்பட்டு, பிறகு தமிழுக்கு மாற்றப்படுகிறது. நாள்காட்டியிலேயே சறுக்கும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை தமிழ்நாடே ஆடித் தள்ளுபடியில் இருக்கும், திட்டத் தாளில் அந்த மாதம் காலியாக இருக்கும். தீபாவளிக்கு ‘லட்சுமி பூஜை மாலை சிறப்புச் சலுகை’ என்று நோட்டிஃபிகேஷன் போகும். தமிழ்நாட்டில் நரக சதுர்த்தசி விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி கட்டி, பலகாரம் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். பல வருடங்களில் அது ஒரு நாள் முந்தியே வந்துவிடும்.

செலவிலும் வித்தியாசம் உண்டு. ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அதிலும் ‘தள்ளுபடி’ கண்ணுக்கு ஐந்து எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் எட்டு. புள்ளியும் கொம்பும் விசிறியும் தனித்தனியாக எண்ணப்படும். 70-ஐத் தாண்டினால் துண்டுக்கு 67 என்று உடைந்து, ஒரு செய்திக்கு இரண்டு மூன்று செய்தியின் கட்டணம் விழும். போதாததற்கு டிஎல்டி பதிவு: வணிகச் செய்தியின் வார்ப்புருவை, அதாவது மாதிரி வாசகத்தை, தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் முன்பே பதிய வேண்டும். பதிவான வார்ப்புருவில் ஒரு முற்றுப்புள்ளி மாறினாலும் செய்தி போய்ச் சேராமல் நின்றுவிடலாம். 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து செய்திக்குள் வரும் லிங்க்கையும் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். பண்டிகைக்கு முந்திய வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது லிங்க்கோடு எஸ்எம்எஸ் அனுப்ப நினைப்பவர் சனிக்கிழமை முழுக்கப் போனில் இருப்பார். தமிழோடு கன்னடமும் வாசிக்கத் தெரிந்தால் இரண்டு மாநிலச் சந்தையை ஒருவரே பார்க்கலாம். அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ வளர்ந்தவர்களுக்கு இது கைவந்த கலை.

சாஸ் கம்பெனி: விதைத்துவிட்டுக் காத்திருப்பது

இங்கே கணக்கு சிறியது, காலம் நீண்டது. ஒரு காலாண்டுக்கு லிங்க்ட்இன்னில் 10 லட்சம் செலவு என்று கொள்வோம். லீட் ஒன்று 5,000 ரூபாய் என்றால் 200 லீட். விற்பனைப் பிரிவு ஏற்றுக்கொள்வது ஐந்தில் ஒன்று, 40. அதில் பாதி டெமோவுக்கு வந்தால் 20. நாலில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் 5 வாடிக்கையாளர். தலைக்கு 2 லட்சம். வருடச் சந்தா 3 லட்சம், அதில் மொத்த லாபம் 75 சதவீதம் என்றால் 2.25 லட்சம், போட்ட காசு திரும்ப ஏறக்குறைய 11 மாதம். அழகான கணக்கு. ஆனால் அந்த ஐந்தில் இருவர் ‘அடுத்த காலாண்டில் பார்க்கலாம்’ என்று தள்ளிவிட்டால் தலைக்கு 3.33 லட்சம் ஆகிவிடும். உங்கள் வேலையில் எந்த மாற்றமும் இல்லாமலே எண் மூன்றில் இரண்டு பங்கு மோசமாகிவிடுகிறது. சாஸ் மார்க்கெட்டிங்கின் உண்மையான கஷ்டம் இந்தச் சிறிய எண்கள்தான். ஏ, பி என்று இரண்டு லேண்டிங் பேஜ் (விளம்பரத்தை அழுத்தினால் வந்துசேரும் பக்கம்) வைத்துச் சோதிக்கலாம் என்று ஆப் கம்பெனியிலிருந்து வருபவர் உற்சாகமாகச் சொல்வார். முடிவு சொல்லும் அளவுக்கு ஆள் வர எட்டு மாதம் ஆகும்.

கருவிகளும் இந்த நீண்ட காலத்துக்கு ஏற்றபடி அமைக்கப்படவில்லை. கிளிக் நடந்து 90 நாள் தாண்டிய கன்வெர்ஷனை கூகுள் ஆட்ஸ் ஏற்காது. உங்கள் கம்பெனியின் விற்பனைச் சுழற்சி 120 நாள் என்றால், கையெழுத்தான ஒப்பந்தங்களை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால் பாதி குப்பைக்குப் போகும். மாற்றுவழி, நடுக்கட்டங்களையும் ஏற்றுவது: விற்பனைப் பிரிவு ஏற்ற லீட் ஒரு கன்வெர்ஷன், டெமோ முடிந்தது இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பு. இதற்கு படிவத்தில் ஒளித்து வைத்த புலம் ஒன்றில் கூகுள் கிளிக் ஐடி (ஒவ்வொரு கிளிக்குக்கும் கூகுள் தரும் அடையாளம்) சிஆர்எம் வரை போய்ச் சேரவேண்டும். நடுவில் ஒரு ரீடைரக்ட் (வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுவது) அதை உதிர்த்துவிட்டால் மாதக்கணக்கான தரவு போச்சு. சேர்ந்த முதல் வாரத்தில் நீங்களே விளம்பர லிங்க்கிலிருந்து போய் ஒரு படிவத்தை நிரப்பி, அந்த ஐடி சிஆர்எம்மில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாத கம்பெனிகள் நிறைய.

அதே வாரத்தில் ஜிஏ4-இல் தரவு வைத்திருக்கும் காலத்தையும் பாருங்கள். எக்ஸ்ப்ளோரேஷன் (நாமே அமைக்கும் ஆய்வு) அறிக்கைகளுக்குத் தானாக இருப்பது 2 மாதம்; 14 மாதம் என்று மாற்றலாம். மாற்றிய பிறகுதான் பலன், கழிந்த தரவு திரும்பாது. நாலு மாதத்தில் முடியும் விற்பனையை 2 மாதத் தரவில் தேடுவது, துவைத்த சட்டைப் பையில் பஸ் டிக்கெட்டைத் தேடுவது மாதிரி. யூடிஎம்மில் (ஆள் எங்கிருந்து வந்தார் என்று காட்ட லிங்க்கின் வாலில் சேர்க்கும் குறிப்பு) ஒருவர் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் இன்னொருவர் சிறிய எழுத்திலும் லிங்க்ட்இன் என்று எழுதினால் அது இரண்டு தனி மூலமாக விழும். சிறிய எழுத்து மட்டும் என்று ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் போதும்.

மின்னஞ்சல் இந்த உலகில் இன்னும் ராஜா. ஆனால் 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், யாஹூ இரண்டும் மொத்தமாக அனுப்புவோரிடம் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் (அனுப்பியவர் அவரேதான் என்று காட்டும் அமைப்புகள்) கேட்கின்றன. ஒரே கிளிக்கில் விலகும் வசதி வேண்டும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. விலைக்கு வாங்கிய பட்டியலுக்கு ஒரே நாளில் இருபதாயிரம் மின்னஞ்சல் அடித்தால், அதன் பிறகு உங்கள் விற்பனையாளர் தனியாக அனுப்பும் கடிதமும் ஸ்பாமில் போய் விழும். ‘மாதம் எத்தனை மெயில் அடிப்பீர்கள்’ என்று நேர்காணலில் கேட்கும் மேலாளரிடம், பட்டியல் எங்கிருந்து வந்தது என்று திருப்பிக் கேட்பதில் தப்பே இல்லை.

கட்டுரை எழுதி கூகுளில் மேலே வருவதை நம்பியிருந்த வேலைகள் ஆட்டம் கண்டிருக்கின்றன. 2024 ஆகஸ்டில் கூகுளின் ஏஐ ஓவர்வியூஸ் இந்தியாவுக்கும் வந்த பிறகு, ‘பேரோல் என்றால் என்ன’ வகைக் கேள்விகளுக்குப் பதில் தேடல் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. அந்த மாதிரி நானூறு கட்டுரை எழுதும் வேலைக்கு இன்று ஆஃபர் வந்தால் ஏற்காமல் இருப்பது நல்லது. விலை ஒப்பீடு, போட்டி மென்பொருளிலிருந்து மாறும் வழிமுறை, ஒரு குறிப்பிட்ட கோளாறுக்குத் தீர்வு என்று வாங்கும் எண்ணத்தோடு தேடுபவருக்கு எழுதும் வேலைக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. அதைச் செய்ய மென்பொருளைத் திறந்து பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 11 மணி வெபினார் என்றால் நமக்கு கோடையில் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. மாதம் இரண்டு என்றால் சமாளிக்கலாம். வாரம் மூன்று போன் கால் என்றால் மறுநாள் தாமதமாக வரும் சலுகை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பன்னாட்டு நிறுவனங்களின் பெங்களூர் மையங்களிலும் மார்க்கெட்டிங் வேலை உண்டு. சம்பளம் நிம்மதி, காப்பீடு நிம்மதி, வேலையும் நிம்மதி. என்ன விளம்பரம், யாருக்கு என்ற முடிவு வேறு நாட்டில் எடுக்கப்படும். இங்கே கேம்பெயினை ஏற்றுவதும் டாஷ்போர்டு பராமரிப்பதும் நடக்கும். வீட்டில் குழந்தை, வயதான பெற்றோர் என்று பொறுப்பு இருக்கும் வருடங்களுக்கு ஏற்றது. முதல் வேலையாக வேண்டாம்.

சிடிசியைப் பிரித்துப் படிப்பது

12 லட்சம் சிடிசி என்றால் மாதம் ஒரு லட்சம் என்று மனது கணக்குப் போடும். அதில் 1.5 லட்சம் வேரியபிள் (இலக்கை எட்டினால் கிடைக்கும் பகுதி) என்று கொள்வோம், அடிப்படைச் சம்பளம் பாதி, 6 லட்சம். கம்பெனி கட்டும் 12 சதவீத பிஎஃப் 72,000, கிராஜுவிட்டி 4.81 சதவீதம் 28,860 இரண்டும் அந்த 12 லட்சத்துக்குள்ளேயே இருக்கும். உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 72,000. கழித்தால் வருடத்துக்கு 8,77,140, மாதத்துக்கு 73,095 ரூபாய், வருமான வரிக்கும் மாதம் 200 ரூபாய் (பிப்ரவரியில் 300) தொழில் வரிக்கும் முன்னால்.

வேரியபிள் எந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதில்தான் மூன்று வகைக் கம்பெனிகளும் வேறுபடுகின்றன. சாஸில் அது பைப்லைன் (பேச்சில் இருக்கும் விற்பனை வாய்ப்புகள்) இலக்கோடு கட்டப்பட்டிருந்தால், விற்பனைப் பிரிவில் இரண்டு பேர் விலகினாலும் உங்கள் பணம் குறையும். ஆப் கம்பெனியில் நிதி நிலைமை பார்த்து பட்ஜெட்டைப் பாதியாக்கிவிட்டு இலக்கை மட்டும் அப்படியே விட்டுவிடுவது நடக்கிற விஷயம். பட்ஜெட் மாறினால் இலக்கும் மாறும் என்று எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏஜென்சியில் வேரியபிள் சிறியது, சண்டையும் சிறியது.

பங்கு வாங்கும் உரிமை (ஈசாப்) தருகிறோம் என்றால்: சட்டப்படி வழங்கிய நாளுக்கும் முதல் பகுதி உங்களுக்கு உரியதாகும் நாளுக்கும் இடையே ஒரு வருடமாவது இருக்கவேண்டும், வழக்கத்தில் முழுதும் கைக்கு வர நாலு வருடம். பங்காக மாற்றும்போது, அன்றைய மதிப்புக்கும் நீங்கள் கட்டும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாகி வரி விழும், விற்கச் சந்தை இல்லாவிட்டாலும். வேலையை விட்ட பிறகு எத்தனை நாளுக்குள் மாற்றவேண்டும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். 90 நாள் என்றால் அந்தப் பங்கைச் சம்பளத்தோடு கூட்டாமல், கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வாடகையும் பயணமும் தனி. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் மெட்ரோ ஆர்வி ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி வழியாக ஓடுகிறது. ஓசூரில் வீடு வைத்துக்கொண்டு பொம்மசந்திரா வரை பஸ்ஸிலும் பிறகு மெட்ரோவிலும் எச்எஸ்ஆர் பக்கம் போய்வருவது இப்போது நடக்கக்கூடிய காரியம். பெல்லந்தூர், மாரத்தஹள்ளி அலுவலகம் என்றால் சில்க் போர்டோடு மெட்ரோ விட்டுவிடும், பிறகு பழைய கதைதான்.

யாருக்கு எது

படித்து முடித்து முதல் வேலை தேடுபவர், தலைக்கு நாலைந்து கணக்கு உள்ள, ஜிஏ4-ஐயும் டேக் மேனேஜரையும் (டேக்குகளை வைக்கும் கூகுள் கருவி) நேரடியாகக் கையாளவிடும் ஏஜென்சிக்குப் போகலாம். இரண்டு வருடம் கழிந்து எண்களில் பிரியம் இருந்தால் ஆப் கம்பெனி. மறுநாளே விடை வருவதால் ஒரு வருடத்தில் நூறு சோதனை செய்துவிடலாம். எழுத்தும் மென்பொருளும் பிடிக்கும், பொறுமையும் உண்டு என்றால் சாஸ். ஏஜென்சியிலிருந்து நேரே சாஸுக்குத் தாவலாம், கடினமில்லை. சாஸில் நாலு வருடம் இருந்துவிட்டு ஆப்புக்குப் போவது கடினம், நாளுக்கு லட்ச ரூபாய் செலவழித்த அனுபவம் காட்டமுடியாது. இதுதான் வரிசையில் கவனிக்கவேண்டிய ஒரே ஒருவழிப் பாதை.

எந்த வகையானாலும் கடைசிச் சுற்றில் மேலாளரிடம் கேட்க மூன்று: போன மாதம் நிறுத்திய ஒரு கேம்பெயினைச் சொல்லுங்கள், ஏன் நிறுத்தினீர்கள்? விற்பனை அல்லது ஆர்டர் எண்ணைப் பார்க்கும் அனுமதி எனக்கு உண்டா? எத்தனை ரூபாய் வரை கேட்காமல் நான் செலவழிக்கலாம்? முதல் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் அங்கே யாரும் அளப்பதில்லை. இரண்டாவதற்கு ‘அது வேற டீம்’ என்று வந்தால், கம்பெனி எதுவாக இருந்தாலும் நீங்கள் பார்க்கப்போவது ஏஜென்சி வேலைதான், ஆறு கணக்குக்குப் பதில் ஒன்று.

சேரும் மாதத்தையும் உங்களால் பேசி மாற்றமுடியும். ஆப் கம்பெனியில் செப்டம்பரில் சேர்ந்தால் தீபாவளி விற்பனை முடியும்வரை எதையும் மாற்ற விடமாட்டார்கள், சொல்லித்தரவும் ஆளிருக்காது, ஜனவரி உத்தமம். ஏஜென்சியில் ஏப்ரல், அப்போதுதான் கிளையன்ட்டுகள் புது நிதியாண்டு பட்ஜெட்டைத் தொடங்குவார்கள். சாஸில் கம்பெனியின் நிதியாண்டு எந்த மாதம் தொடங்குகிறது என்று கேட்டு, ஒரு காலாண்டின் முதல் வாரத்தில் சேருங்கள். நடுவில் சேர்ந்தால் முந்தியவர் போட்ட திட்டத்தின் எண்ணுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.